புதிய வகுப்பைக் கையேற்கும் ஆசிரியருக்கு: முதல் நாளிலிருந்து தவணை முடிவுவரை முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய எனக்கு, சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு பொறுப்பும் வந்தது. புதிதாக நியமனம் பெற்று வருபவர்களின் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து பார்ப்பதுதான் அது. கல்வியியற் கல்லூரியில் இருந்து வந்தவர்களும் பட்டதாரி நியமனத்தில் வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பாடம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உழைக்கவும் தயார். பிழைப்பது வேலைகளின் ஒழுங்குதான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அல்லது செய்யாமலே விடுகிறார்கள்.

ஆசிரியத் தொழிலுக்கான நியமங்களைப் பல நாடுகள் எழுதி வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பட்டியலில் 7 நியமங்கள் உள்ளன. பிள்ளைகளையும் அவர்கள் கற்கும் விதத்தையும் அறிவது முதலாவது. பாட அறிவு இரண்டாவது, திட்டமிடல் மூன்றாவது. பாட அறிவைவிடப் பிள்ளையை முன்னால் வைத்த இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகப் படுகிறது. கீழே உள்ள படிகளும் அந்த வழியிலேயே போகின்றன. உதாரணங்களைத் தரம் 6, 7 கணிதத்திலிருந்து எடுத்திருக்கிறேன். உங்கள் பாடம் வேறென்றாலும் ஒழுங்கு இதுதான்.

1. வகுப்புக்குள் போகமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பாடத்துக்கான பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் வேண்டும். இரண்டையும் மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிறது, தமிழிலும் கிடைக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிள்ளைகளின் கையில் இருக்கும். அதில் ஒரு பிரதி உங்களுக்கும் வேண்டும். இவற்றோடு நேரசூசி, வகுப்பு இடாப்பு, அந்தப் பிள்ளைகளின் சென்ற ஆண்டுப் புள்ளிகள், பெரிய கொப்பி ஒன்று.

பலர் பாடநூலை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். பாடநூல் பிள்ளைக்காக எழுதப்பட்டது. எந்தத் தேர்ச்சிக்காக அந்த அலகு வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில்தான் இருக்கும். அதை வாசிக்காதவருக்கு எதில் ஆறுதலாக நிற்பது, எதைக் கடந்து போவது என்று தெரியாது.

கீழ்த்தரத்தின் பாடத்திட்டத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். தரம் 7 இல் வரும் பிழைகளில் பெரும்பாலானவை தரம் 5, 6 இல் வேர்விட்டவை.

2. முதல் வாரம்: பிள்ளைகளை அறிதல்

பெயர்களில் தொடங்குங்கள். இருக்கை வரைபடம் ஒன்று கீறி, பெயர்களை எழுதி, மேசையில் வைத்திருங்கள். "ஏய், அந்தக் கரைப் பிள்ளை" என்று அழைக்கப்படும் பிள்ளை அந்தத் தவணை முழுவதும் கரையிலேயே நின்றுவிடும்.

அடுத்து ஒரு சிறிய எழுத்து வேலை. பத்து வினா போதும். எல்லாம் கீழ்த்தரத்தில் படித்தவையாக இருக்க வேண்டும். புள்ளி போடாதீர்கள். பெரிய கொப்பியில் ஒரு கட்டம் கீறுங்கள்: இடப்பக்கம் பெயர்கள், மேலே வினா இலக்கங்கள், சரியென்றால் சரி அடையாளம், பிழையென்றால் பிள்ளை எழுதிய விடை. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் சோர்ந்து போகிறார்கள். விடையை எழுதி வைப்பது மினக்கேடான வேலைதான். ஆனால் "12 பிள்ளைகளுக்குப் பிழை" என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "12 பிள்ளைகளில் 9 பேர் 402 இலிருந்து 178 ஐக் கழித்து 376 என்று எழுதியிருக்கிறார்கள்" என்று தெரிந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள் என்பது உடனே பிடிபடும். நாளைக்கு என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

தரம் 6 என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளைகள் பல ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து வந்து சேர்ந்திருப்பார்கள். ஒருவருக்கு நன்றாகப் பழகியது இன்னொருவருக்குப் புதிதாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாளில் பிள்ளைகளை எழுப்பி, "அப்பா என்ன வேலை?" என்று வரிசையாகக் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இழப்புகளைக் கண்ட மண் இது. அப்பா இல்லாத பிள்ளை, வெளிநாட்டில் இருக்கும் அப்பாவைத் தொலைபேசியில் மட்டுமே தெரிந்த பிள்ளை, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை எல்லாரும் அந்த வரிசையில் இருப்பார்கள். தன்முறை வரும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணை நான் கண்டிருக்கிறேன். தேவையான விவரத்தை வகுப்பாசிரியரிடம் தனியே கேட்டால் போதும். அதே நேரத்தில் யாருக்குக் கண் பார்வை குறைவு, யாருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, யார் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார் என்பதையும் கேட்டு இருக்கை வரைபடத்தில் குறியுங்கள்.

3. தவணைத் திட்டம்: உண்மையான பாடவேளைகளை எண்ணுங்கள்

13 வாரம், வாரத்துக்கு 5 பாடவேளை என்றால் 65. இந்த 65 ஐ நம்பித் திட்டம் போடுபவர் கட்டாயம் மாட்டிக்கொள்வார்.

நாட்காட்டியை எடுத்துக் கழித்துக்கொண்டு போங்கள். தைப்பொங்கல், சுதந்திர தினம், சிவராத்திரி, போயா நாட்கள். இல்ல மெய்வல்லுநர்ப் போட்டியும் அதற்கான பயிற்சி நாட்களும். தவணைப் பரீட்சை வாரம். மூன்றாம் தவணை என்றால் கார்த்திகை, மார்கழி மழை. வெள்ளம் வந்தால் சில பாடசாலைகளில் குடும்பங்கள் வந்து தங்கும். தீவுப் பகுதியில் கற்பிப்பவர்கள் கடல் கொந்தளிக்கும் நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும், குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாவிட்டால் பாடமும் இல்லை. இப்படியெல்லாம் 15 பாடவேளை போனால் மிச்சம் 50. அதில் 8 ஐ மீளக் கற்பிப்பதற்கென்று ஒதுக்கி வைத்தால் புதுப்பாடத்துக்கு 42 தான் இருக்கும்.

42 என்று தெரிந்த பிறகு அலகுகளைப் பிரியுங்கள். இதைச் செய்யாதவர்கள் முதல் இரண்டு அலகுகளில் ஆறுதலாக நின்று, கடைசி மூன்றையும் இரண்டு வாரத்தில் ஓட்டுகிறார்கள். அடுத்த தரத்துக்குத் தேவையான அலகு அந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் பாதிப்பு வருடக்கணக்கில் தொடரும்.

4. ஒரு பாடத்தைத் திட்டமிடும் ஒழுங்கு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

புதியவர் பாடக்குறிப்பு எழுத இருந்தால் முதலில் யோசிப்பது "எப்படித் தொடங்கலாம்?" என்பதைத்தான். ஒரு கதை, ஒரு படம், ஒரு விளையாட்டு. தொடக்கம் அழகாக வந்துவிடும், முடிவு மணியடிக்கும் இடத்தில் எங்கேயோ நின்றுவிடும். அதனால் கடைசியிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதலில் கற்றற்பேறு. ஒரே வசனத்தில், பிள்ளை என்ன செய்யும் என்று எழுதுங்கள். "பின்னக் கூட்டலை விளங்கிக்கொள்வர்" என்று எழுதினால் அதைப் பார்க்க முடியாது. "பகுதியெண்கள் வேறான இரு பின்னங்களைச் சமவலுப் பின்னமாக்கிக் கூட்டுவர்" என்று எழுதினால் பார்க்கலாம்.

அடுத்து, பாடம் முடியும்போது கொடுக்கப் போகும் ஒரேயொரு வினா. நான் எடுப்பது 1/3 + 1/6. பிள்ளை 3/6 அல்லது 1/2 என்று எழுதினால் வழி பிடிபட்டுவிட்டது. 2/9 என்று எழுதினால் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. இப்படிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் வினாவைத் தேடி எடுப்பதுதான் திட்டமிடலில் பாதி வேலை.

மூன்றாவது, அந்தப் பிழைக்கு மருந்து. 1/2 + 1/4 = 2/6 என்று எழுதிய பிள்ளையிடம் "பிழை, பொது மடங்கு எடு" என்றால் அது உங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படியும், ஆனால் நம்பாது. பதிலாக, ஒரே நீளமான கடதாசிக் கீலங்களைக் கொடுங்கள். ஒன்றைப் பாதியாக மடித்து ஒரு பாதியை நிறந்தீட்டட்டும். இன்னொன்றை நாலாக மடித்து ஒரு பங்கை நிறந்தீட்டட்டும். மூன்றாவதை ஆறாக மடித்து இரண்டு பங்கு. இப்போது மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறில் இரண்டு, பாதியைவிடக் கட்டை. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையிலும் குறைவாக வருமா? ஒரு பொடியன் கீலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கூட்டேல்லை சேர், குறைச்சுப்போட்டன்" என்றான். அதற்குப் பிறகு சமவலுப் பின்னத்தைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஆறாக மடிப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம். முதலில் மூன்றாக மடித்து, பிறகு பாதியாக்கச் சொல்லுங்கள். முதல் நாள் வீட்டில் நீங்களே மடித்துப் பாருங்கள். வகுப்பில் முதன்முறையாக ஒரு செயற்பாட்டைச் செய்து பார்ப்பதுதான் நேரத்தை அதிகம் தின்னும்.

நான்காவதாக நேரம். 40 நிமிடப் பாடவேளையில் தொடக்கம் 5, கீலச் செயற்பாடு 12, விளக்கம் 8, பயிற்சி 10, கடைசி வினா 5. விளக்கம் 8 நிமிடம்தானா என்று கேட்பார்கள். ஆம், செயற்பாட்டில் கண்ணால் கண்டதைத்தானே விளக்கப் போகிறீர்கள்.

தொடக்கத்தை இப்போது எழுதுங்கள். முடிவு தெரிந்த பிறகு அது தானாக வரும். ஆசிரியர் வழிகாட்டிகளில் பழகிய ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவுபடுத்தல், மதிப்பிடல் என்ற ஐந்து கட்டமும் இந்தத் திட்டத்துக்குள் அடங்கிவிடும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்க்க வருபவர்களுக்காகத் தனியாக இன்னொரு குறிப்பு எழுதத் தேவையில்லை.

5. வகுப்பறையில்: "விளங்கினதா?" என்ற கேள்வியை விடுங்கள்

ஆசிரியர் விளக்கி முடிப்பார். திரும்பி, "எல்லாருக்கும் விளங்கினதா?" என்பார். "ஓம் ரீச்சர்ர்ர்" என்று முப்பது குரல் ஒன்றாக எழும். ஆசிரியர் நிம்மதியாக அடுத்த கணக்கை எழுதுவார். கடைசி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் கொப்பியில் தலைப்பும் திகதியும் மட்டும் இருக்கும். "ஓம் ரீச்சர்" என்று சத்தமாகச் சொன்னவர்களில் அந்தப் பிள்ளையும் ஒன்று.

எங்கள் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். "இல்லை, விளங்கேல்லை" என்று சொல்வது ஆசிரியரைக் குறை சொல்வதுபோல அவர்களுக்குப் படும். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்காமல், எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் மறுபக்கம் போதும். "விடையைப் பெரிதாக எழுதி நெஞ்சுக்கு முன்னால் பிடியுங்கோ" என்றால் பத்துச் செக்கனில் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும். விடை ஒற்றை இலக்கமென்றால் விரலால் காட்டச் சொல்லலாம்.

கேள்வி கேட்டால் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு செக்கன்தான் காத்திருந்தார்கள். அதை 3 செக்கனோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று செக்கன் மௌனம் புதியவருக்கு மூன்று நிமிடம்போல இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள். பெயரைக் கேள்விக்குப் பிறகு சொல்லுங்கள். முதலே "கவிதா, சொல்லு பார்ப்பம்" என்றால் மற்றவர்கள் எல்லாரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கரும்பலகை பற்றிச் சுருக்கமாக. இடப்பக்கத்தில் திகதியும் தலைப்பும், நடுவில் வேலை, வலப்பக்கம் சின்னக் கணிப்புகளுக்கு. எழுதிவிட்டுக் கடைசி வாங்குவரை நடந்து போய் வாசித்துப் பாருங்கள். மதியம் யன்னல் வெளிச்சம் பலகையில் பட்டு, அரைவாசி எழுத்து பின்னாலிருந்து தெரியாமல் போகும் வகுப்பறைகள் நிறைய உண்டு.

6. கொப்பி திருத்துதல்

36 கொப்பியிலும் சிவப்புப் பேனையால் சரி போட்டுக் கையொப்பம் இட்டால் திருத்தியதாகப் பதிவாகும். பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை.

பாட முடிவில் கொடுத்த அந்தக் கடைசி வினாவின் விடைத் தாள்களை எடுத்து மேசையில் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: வழி பிடிபட்டவர்கள், பாதி வழியில் நிற்பவர்கள், தொடங்காதவர்கள். ஏழெட்டு நிமிட வேலை. நாளைய பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை நடு அடுக்கின் தடிப்பு சொல்லும். தொடங்காத நாலைந்து பேரை அடுத்த நாள் பயிற்சி நேரத்தில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருத்துங்கள்.

கொப்பியில் எழுதுவதென்றால் பிள்ளை செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள். "கவனம் போதாது" என்றால் அது என்ன செய்யும்? "3 ஆம் கணக்கைக் கீலம் மடித்துச் சரிபார்" என்றால் செய்யும். வாரத்துக்கு ஒரு வரிசை என்று முறைவைத்தால் உங்களுக்கும் இயலும்.

7. ஒழுங்கு: பிரம்பில்லாமல்

கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடற்தண்டனையைத் தடைசெய்கிறது. அதற்குமேல் இதில் விவாதம் இல்லை. "அடி வாங்கித்தான் நாங்களும் படிச்சோம்" என்று பெற்றோரே வந்து பிரம்பைக் கையில் தருவார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள்.

சத்தம் பெரும்பாலும் எழுவது வேலை மாறும் இடங்களில்: கொப்பி எடுக்கும்போது, குழுவாகப் பிரியும்போது, முதலில் முடித்தவர் சும்மா இருக்கும்போது. இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள். குழுவாகப் பிரிவதைப் பாடம் இல்லாமல் நாலுதரம் செய்து பார்க்கலாம். முடித்தவர் என்ன செய்வது என்பது பலகையின் மூலையில் எப்போதும் எழுதியிருக்கட்டும்.

8. ரியூசனில் முதலே படித்த பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் தொடங்கும் அலகை வகுப்பில் பாதிப் பேர் ரியூசனில் முடித்திருப்பார்கள். கேள்வி முடியமுன்னே விடை வரும். புதியவர் இங்கே இரண்டு விதமாக வழுக்குகிறார். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து வேகமாகப் போகிறார், அல்லது மனம் சோர்ந்து பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு இருக்கிறார்.

விடை சொன்ன பிள்ளையிடம் "ஏன்?" என்று கேளுங்கள். பொது மடங்கு எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது ஏன் தேவை என்று பெரும்பாலும் தெரியாது. கீலத்தைக் கொடுத்து மற்றவருக்கு விளக்கச் சொல்லுங்கள். ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கு உங்களுடைய 40 நிமிடம்தான் இருக்கிறது. வேகத்தை அந்தப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் வகுப்புப் பிள்ளையிடம் காசு வாங்கி மாலையில் படிப்பிக்காதீர்கள். பகலில் எதையோ மிச்சம் வைக்கிறீர்கள் என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால் பிறகு போகாது.

9. பெற்றோருடன் பேசுதல்

பிள்ளை செய்யும் ஒரு நல்ல வேலையைக் கொப்பியில் காட்டித் தொடங்குங்கள். பிறகு வீட்டில் செய்யக்கூடிய ஒரேயொரு விஷயம். "படிக்கச் சொல்லுங்கோ" என்பது ஒரு விஷயமே அல்ல. "அம்மா, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆறாம் வாய்பாட்டை ஒருக்கால் கேளுங்கோ" என்பது விஷயம். எழுத வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மா வந்திருந்தாலும் அவரால் அதைச் செய்ய முடியும். கடலுக்குப் போகிறவர்களும் தோட்டம் செய்கிறவர்களும் வேலை நேரத்தில் வர இயலாது. அவர்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

10. ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரிய ஆலோசகர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரை ஒரு பாடவேளைக்கு அழையுங்கள். "எப்படி இருக்கிறதென்று பாருங்கோ" என்றால் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வார். ஒன்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, இருக்கை வரைபடத்தைக் கொடுத்து, பேசிய பிள்ளைகளின் இடத்தில் கோடு போடச் சொல்லலாம். என் வகுப்பில் ஒருவர் இப்படிக் கோடு போட்டுத் தந்தபோது 34 பிள்ளைகளில் 9 பேர்தான் பேசியிருந்தார்கள். அதில் 7 பேர் முன்னிரண்டு வரிசை. வகுப்பு முழுவதும் பங்குபற்றியது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தேன். அடுத்த நாளே பின்வரிசைக்குப் பக்கத்தில் நின்று கேட்கத் தொடங்கினேன்.

11. தவணை முடிவு: அடுத்தவருக்கு ஒரு தாள்

ஒவ்வொரு பாடமும் முடிய பெரிய கொப்பியில் மூன்று வரி எழுதி வந்திருந்தால் இந்தப் படி ஒரு மணித்தியால வேலை. எது சரிவந்தது, யார் தொடங்கவில்லை, அடுத்தமுறை எதை மாற்றுவது: இவைதான் அந்த மூன்று வரி. பாடம் முடிந்த சூட்டில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு பெயர்கள் மறந்துவிடும்.

தவணை முடிவில் முதல் வாரத்துக் கட்டத்தைத் திரும்ப எடுத்து, அதே பத்து வினாவையும் இந்தத் தவணையின் கடைசி வினாக்கள் சிலவற்றையும் கொடுங்கள். புதிய விடைகளைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் வேறு நிறப் பேனையால் எழுதுங்கள். தவணைப் பரீட்சைப் புள்ளி அறிக்கையில் போகட்டும், இந்தக் கட்டம் உங்களுக்கு.

வருட முடிவில் இடமாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கட்டத்தைப் படியெடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதி, வகுப்புக் கோவையில் வையுங்கள். "பின்னம் கீலத்தோடு செய்வான், கீலம் இல்லாமல் தடுமாறுவான். இடது காதுப் பக்கம் நின்று பேச வேண்டாம்." தை மாதம் அந்த வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் முதலில் திறக்க வேண்டிய தாள் அது.